சந்திரகிரிக் கோட்டை சொல்லும் செய்தி

திருப்பதிக்கு வரும் நம்மவருள் பெரும்பாலோர் மலையேறி வேங்கடவனை வணங்கியதும் ஊர் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்திரகிரியைக் காண்பவர் சிலரே. நாங்கள் இம்முறை அதற்கென ஒரு பகலை ஒதுக்கினோம்.

பாறைக் குன்றின் அடியில் மூன்று அடுக்குகளுடன் நிற்கிறது இராஜமகால். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, மரம் சேர்க்காது எழுப்பிய மாளிகை. இப்பொழுது தொல்பொருட் காட்சிசாலை. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விசயநகர அரசு, பெனுகொண்டாவிலும் பின்னர் இங்கும் வந்து ஒதுங்கிற்று. கோல்கொண்டா, பீஜப்பூர் என்னும் இரு வல்லரசுகள் அதனை நெருக்கின. எனினும் அதனைச் சாய்த்தது பகைவர் படை மட்டுமன்று. 1614-இல் இரண்டாம் வேங்கடபதி மறைந்ததும் பட்டத்துக்காக உட்பகை மூண்டது. மதுரை, செஞ்சி நாயக்கர்கள் ஒருபுறமும் தஞ்சை நாயக்கர் மறுபுறமும் நின்று பொருதனர். 1646-இல் கோட்டை கோல்கொண்டாவின் கைப்பட்டது. குடிகளின் விருப்பத்தை எவரும் கேட்டிலர்.

அது முடியாட்சிக் காலம் என்று தள்ளிவிடலாகாது. 1940-இல் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய சிறு நாடுகளுள் சோவியத் படை புகுந்தது. அங்கே தேர்தலும் நடந்தது. ஆனால் ஒரே பட்டியலினர்தாம் போட்டியிட்டனர்! அவ்வாறு அமைந்த சட்டமன்றங்களே இணைப்புக்கு விண்ணப்பித்தன. இழந்த உரிமையை அந்நாடுகள் மீளப் பெற்றது 1991-இல். வாக்குப் பெட்டி இருந்தால் மட்டும் போதாது, மாற்றாருக்கும் அதில் இடம் வேண்டும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது.

திருப்பதியிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதை நகரியைக் கடந்து திருத்தணியை அடைகிறது. இடையே இரு மாநிலங்களின் எல்லை. காவற்படையோ முள்வேலியோ காணோம். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, திருத்தணி உள்ளிட்ட சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். பின்னர் படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன.

இரு தரப்பிலும் மனக்குறை இருந்தது உண்மையே. ஆயினும் இரு மாநிலங்களுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தமையால், வலியவன் கைவைத்த இடமே எல்லை என்றாகவில்லை. சித்தூர்த் தமிழரும் திருத்தணித் தெலுங்கரும் இன்றும் தத்தம் ஊரில் வாக்களிக்கின்றனர்.

பெரிய நாடுகளின் அருகிலுள்ள சிறு நாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பல. அங்கெல்லாம் நீதிமன்றமும் பத்திரிகையும் நேர்மையான தேர்தலுமே மெய்யான கோட்டைச் சுவர்கள். வீட்டுக்குள் பிளவு கண்டால் அயலான் கை நுழையும். பிள்ளைகளுடன் திருமலைக்கு வரும் அன்பர்கள் சந்திரகிரிக்கும் ஒருமுறை செல்க. இதனை அவர்கட்கு அங்கே வைத்துச் சொல்லுதல் எளிது.