அப்பாவும் ஏறலாம், மகளும் ஏறலாம்

லாயத்துக்குள் கால் வைத்ததுமே ஒரு மூக்கு என் சட்டையை மோந்து பார்த்தது. உடம்பெல்லாம் கரும்பழுப்பு, மூக்கு மட்டும் மாவுப் பானைக்குள் விட்டு எடுத்ததுபோல் வெளுப்பு. கண்ணைச் சுற்றியும் அதே வெளுப்புதான். இமை தடித்துப் புடைத்திருக்கிறது. எவ்வளவு மழை அடித்தாலும் தண்ணீர் கண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும்.

இது எக்ஸ்மூர் மட்டக்குதிரை. தென்மேற்கு இங்கிலாந்தில், டல்வர்ட்டனுக்குப் பக்கத்து ஆஷ்விக்கில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நடத்துவது மூர்லாண்ட் மௌசி அறக்கட்டளை. 1929-இல் வந்த சிறுவர் கதையொன்றின் குதிரைக் கதாநாயகன்தான் இந்த மௌசி.

இரண்டாம் உலகப்போரில் இந்த இனம் அநேகமாக ஒழிந்தே போனது. பட்டாளத்துக்காரர்கள் குறிபார்த்துப் பழக இவற்றைச் சுட்டார்கள். இறைச்சிக்காகத் திருடியவர்களும் உண்டு. போர் முடிந்தபோது ஐம்பது தேறுவதே கடினம். மேரி எதரிங்டன் என்ற பெண்மணியும் சில விவசாயிகளும் மந்தைகளை மறுபடி திரட்டினார்கள்.

மந்தைகள் இன்றும் மேட்டு நிலத்தில்தான் திரிகின்றன. இலையுதிர்காலத்தில் அவற்றை ஓட்டிவந்து குட்டிகளைப் பிரிப்பார்கள். பெட்டைக் குட்டிக்கு மந்தையில் இடம் கிடைக்கலாம். ஆண் குட்டிகளை எல்லாம் பொலிக்கு விட முடியுமா? மிஞ்சுகிறவற்றுக்கு வீடு தேட வேண்டும். 'குடும்பத்துக்கேற்ற சவாரிக் குதிரை' என்று மையம் செய்யும் பிரசாரத்துக்குக் காரணமே இந்தக் கணக்குதான்.

கொட்டகைக்குள் ஒரு குட்டி சுவரோடு ஒட்டி நின்றது. மையத்தின் பெண் ஊழியர் நீண்ட கழியின் நுனியில் துணி சுற்றி, எட்ட நின்றே அதன் தோளைத் தடவினார். குட்டி துள்ளியபோது கழி விலகவில்லை. குட்டி அசையாமல் நின்ற நொடியில் சட்டென்று எடுத்துவிட்டார். நின்றால் தொல்லை விடும் என்று அது தானாகக் கண்டுபிடிக்க வேண்டுமாம். அதன் முதுகில் ஆள் ஏற இன்னும் நாலு வருஷம் ஆகும்.

வெளியே, பழகிய குதிரை ஒன்றிலிருந்து பள்ளிக்கூடச் சிறுமி இறங்க, அவள் அப்பா ஏறினார். குதிரையின் தோள்மட்டம் 130 சென்டிமீட்டர்கூட இராது; அகன்ற நெஞ்சு, குட்டைக் கால். வளர்ந்த ஆட்களைச் சுமந்து ஆடு மேய்க்கப் போன வம்சம், முனகாமல் நடந்தது. உருண்டை முதுகில் சேணம்தான் நழுவியது. வயிற்றுப்பட்டையை இன்னொரு துளை இறுக்கினார்கள்.

சாது என்று சொல்லி விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. இது யோசிக்கும் பிராணி. சதுப்பு என்று பட்டால் நின்றுவிடும், என்ன தட்டினாலும் நகராது. பிள்ளையை ஏற்றுகிற குதிரைக்கு அதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை.

அப்பா இறங்கியதும் விலை கேட்டார். ஊழியர் பதில் சொல்லாமல், "உங்கள் இடத்தில் புல் எப்படி, சார்?" என்றார்.

"முழங்கால் உயரம், பச்சைப்பசேலென்று இருக்கும்!"

"அதுதான் ஆபத்து. காய்ந்த புல்லும் முட்செடியும் தின்று வளர்ந்த வயிறு இது. செழிப்பான புல்லில் விட்டால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்கவே முடியாமல் போகும். பாதி இடத்தை வேலி போட்டு அடைத்துவிட்டு வாருங்கள், விலையைப் பேசலாம்."