அம்மா எண்ணிய கம்பிகள்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாகத் துரத்துகிறார். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுத அனுபவம் போதாது. ஆகவே நண்பர்களே, எங்கள் வீடு கட்டிய கதையைச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கள்ளக்குறிச்சி கருணாபுரம். பெயரைக் கேட்டதும் 2024 ஜூன் மாதம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். கள்ளச்சாராயம் அறுபது பேருக்கு மேல் கொண்டுபோன மாதம். ஹாஸ்டலில் முதல் நாள் என்னிடம் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அந்த ஊரில் ஜனங்கள் வீடும் கட்டுகிறார்கள்.

2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த மனையில் பயனாளியே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று இருந்தது. மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60,000, ஆக 2,10,000 ரூபாய் கொடுத்தார்கள். கட்டக் கட்ட வங்கிக் கணக்கில் தவணையாக ஏறும். மிச்சம் நம் பாடு. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுப்பார்கள். அது அட்சரேகை, தீர்க்கரேகையோடு இஸ்ரோவின் புவன் வரைபடத்தில் போய் உட்காரும். இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் வாங்குவது கஷ்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் படம் பணம் கொடுப்பவருக்கு. கூரை இருக்கிறதா என்று சொல்லும். கூரைக்குள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

வீடு அம்மா பேரில். குடும்பத் தலைவி பேரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஆனால் பேர் மட்டும்தான் அம்மாவுடையது. மேஸ்திரி "இன்னும் பத்து மூட்டை இறக்கும்மா" என்றால் இறக்குவார். அப்பா வெளியூர் வேலையில். நான் ஹாஸ்டலில்.

முதலில் என் மேதாவித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் லேபில் எக்செல்லில் எஸ்டிமேட் போட்டேன். இங்கிலீஷில் நாலு பக்கம், கலர் கலராக. அம்மா போனில் அது திறக்கவே இல்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அரிசி டின் மேல் விரித்துவிட்டார்.

அந்த வாரம் வகுப்பில் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் நடத்தினார்கள். கட்டடம் முழுவதையும் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டிப் பார்ப்பது. பிரிட்டனில் மத்திய அரசுப் பணிகளுக்கு 2016 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கையில் தகவல் இருக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கையில் இருப்பது வாட்ஸ்அப்பும் ஒரு இஞ்ச் டேப்பும்.

அன்று ராத்திரி போன் செய்தேன். "எது மூடிப்போகுமோ, அத மூடறதுக்கு முன்னாடி படம் எடும்மா. படத்துல டேப்பு தெரியணும்." அவ்வளவுதான் பாடம். அஸ்திவாரக் குழி, லிண்டல் கம்பி எல்லாம் சாயந்திரம் ஏழு மணிக்கு வந்துவிடும். சிமெண்ட் கணக்கு வாய்ஸ் மெசேஜில் வரும். தளத்துக்கு 40 மூட்டை கேட்டார் மேஸ்திரி. 300 சதுர அடி, 5 அங்குலக் கனம், ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை. 28 மூட்டை வருகிறது. அம்மா கணக்குக் கேட்டதும் சிரித்துக்கொண்டே 30-க்கு இறங்கினார்.

தளம் போடுவதற்கு முந்தின நாள் வந்த படத்தில் டேப் மசமசவென்று இருந்தது.

"ஒரு ஓரத்துலேர்ந்து கம்பிய எண்ணிச் சொல்லும்மா."

"இருட்டிப்போச்சேடா."

"போன் லைட்டப் போடு."

சென்ட்ரிங் பலகை மேல் நடக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "இருபத்து மூணு" என்றார். மறுபடி எண்ணச் சொன்னேன். இருபத்து மூணுதான்.

15 அடி அகலம். வரைபடத்தில் 6 அங்குலத்துக்கு ஒரு கம்பி, ஆக 31 வேண்டும். 8 அங்குலத்துக்கு ஒன்று போட்டால்தான் 23. எட்டு கம்பி குறைகிறது.

காலையில் கலவை மிஷின் வந்து நின்றுவிட்டது. நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இருபது வருஷமா தளம் போடறேன், ஒண்ணு விழுந்துச்சா? படிக்கிற பையன் போன்ல பாத்துச் சொல்றானாம்மா?"

"அவன் சொல்லலண்ணே. நான் எண்ணினேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மிஷின் திரும்பிப் போனது.

வேண்டியது நாலு முழுக் கம்பி, ஏறக்குறைய 19 கிலோ. அதைவிட மிஷின் வாடகையும் ஆள் கூலியும்தான் அம்மாவைக் கடித்தது. சுய உதவிக் குழுவில் கடன் வாங்கினார். மேஸ்திரி கெட்டவர் இல்லை. கம்பி வாங்கிய காசு அம்மாவுடையது. குறைத்ததில் அவருக்கு லாபம் ஏதுமில்லை. எங்களுக்குச் செலவு மிச்சம் என்றுதான் நினைத்திருக்கிறார். தளம் விழுந்திருக்காது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அதன் கீழே படுக்கப்போவது அம்மா.

மறுநாள் 31 கம்பியோடு தளம் போட்டார்கள். மேஸ்திரி ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. பூச்சு வேலைக்கு வந்தபோது அவரே, "டேப்ப எடுத்துக்கினு வாம்மா" என்றார்.

கூரைக் கட்டப் படத்தில் பச்சைக் கான்கிரீட்டும் ஓரமாக அம்மாவும் இருக்கிறார்கள். கம்பி தெரியாது. அது அம்மா போனில் இருக்கிறது. மெமரி நிரம்பிவிட்டது என்று மாமா பையன் கல்யாண வீடியோவை அழித்துவிட்டார். இதில் மட்டும் கை வைக்க விடமாட்டேன் என்கிறார்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்