செத்துக்காரர் வீடு

கொல்லங்கோட்டுப் பக்கம் கள் என்றாலே எல்லாரும் ஷாப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். மரச்சீனி, எரிவுள்ள மீன்கறி, ராத்திரி நடந்த சண்டை. எனக்கோ எங்கள் தோப்பை அடுத்திருந்த செத்துக்காரர் வீடுதான் நினைவுக்கு வரும். பாளை சீவுகிறவரை எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கில் அப்படித்தான் சொல்வோம். நான் அவரை ஏட்டா என்பேன்; அவர் மனைவியை ஏட்டத்தி.

வெளிச்சம் வருமுன்பே ஏட்டத்தி கலயங்களைக் கழுவி முடித்திருப்பார். அடியில் பழைய கள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புதிதாக வடிவது சீக்கிரம் புளித்துவிடும். திண்ணையில் ஏட்டன், மணல் தூவிய பலகையில் கத்தி தீட்டுவார். முன்கை ரோமத்தில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். சுத்தமாக மழிந்தால்தான் கத்தி இடுப்புக் கூட்டுக்குள் போகும்.

காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளையும் மரமேற வேண்டும். தென்னையில் படிபோலக் கட்டிய தேங்காய் மட்டைகளில் கால் வைத்து, இடுப்பில் சுரைக்குடுக்கை ஆட ஏறுவார். விரியாத பாளையை இறுகக் கட்டி, எருமை எலும்பால் நாள் தவறாமல் தட்டிக்கொண்டே வந்தால்தான் ஊறும். ஓங்கித் தட்டினால் உள்ளே பூ நசுங்கிப் பாளை கெட்டது. பூப்போலத் தட்டினாலும் பிரயோஜனமில்லை. பிறகு நுனியில் காகிதக் கனத்துக்கு ஒரு சீவல். கீழே அடுப்படியில் இருந்தபடியே, தட்டும் சத்தத்தை வைத்து எந்த மரத்தில் ஆள் இருக்கிறது என்று ஏட்டத்தி சொல்லிவிடுவார். மார்கழி, தையில் கணவாய்க் காற்று தென்னையைப் பிடித்து ஆட்டும்போது அந்தச் சத்தம் நின்றால் எட்டிப் பார்ப்பார். எங்களுக்கு நெல்லியாம்பதி மலையும் சீதார்குண்டு அருவியும் அழகு. ஏட்டனுக்கு மலைப்பக்கம் பார்ப்பது மழை வருமா என்று அறியத்தான். நனைந்த மரம் வழுக்கும்.

திண்ணைச் சுவரில் ஸ்ரீ நாராயண குருவின் படம் இருந்தது. மது விஷம், அதை உண்டாக்கவோ கொடுக்கவோ குடிக்கவோ கூடாது என்று தம் மக்களுக்குச் சொன்னவர் அவர். அந்தப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் ஏட்டத்தி கலயம் எடுப்பார். இதை முரண் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அந்தக் கலயத்திலிருந்துதான் வந்தது.

கோவிந்தாபுரம் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லைக்கு இந்தப் பக்கம் கலால் இலாகாவே மரத்துக்கு எண் போட்டுக் கொடுக்கும்; அந்தப் பக்கம் மரத்தில் கலயம் கட்டினால் கேஸ். பொள்ளாச்சிப் பக்கத்து மரமேறிகள் பலர் இங்கே வேலைக்கு வந்தது அதனால்தான். இப்போது அவர்களும் குறைந்துவிட்டார்கள்.

எங்கள் தாலூக்குக் கள் பெர்மிட்டோடு வண்டியேறி திருச்சூர், எறணாகுளம் வரை போகிறது. ஏட்டனின் மூத்த மகனுக்கு வேலை கொச்சியில். அங்கே ஷாப்பில் குடித்துவிட்டு, "நம்ம மரத்துக் கள்ளு ருசியே இல்லைப்பா" என்று போனில் குறைப்பட்டானாம்.

"நாலு பஞ்சாயத்துக் கள்ளு ஒரே கேன்ல விழுந்தா, அதுல நம்ம மரத்த எங்கடா தேடுவ?" என்றாராம் ஏட்டன்.