வால்வுல தப்பு இல்லீங்க!

ஒரு சின்ன கணக்கு. மொட்டை மாடியில ஒரு டேங்க். கீழே ஒரு வால்வு. வால்வை நல்லா இறுக்கி மூடியாச்சு. டேங்கும் தினமும் ஒழுங்கா நிரம்புது, ஒழுங்கா காலியாகுது. ஆனாலும் கீழே குழாய் முனையில சொட்டு சொட்டா தண்ணி வந்துட்டே இருக்கு. ஏன்?

'வாஷர் போச்சு'னு சொன்னீங்கன்னா, நீங்க என்னைப் பார்த்த டாக்டர்கள் கட்சி! 19 வருஷம் நானும் அதே கட்சிதான். ஏன்னா, அந்தக் குழாயே நான்தான்.

நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு உள்ளாடை ஈரம். பகல், ராத்திரி வித்தியாசமே கிடையாது. இதுல வேடிக்கை என்னன்னா, எல்லாரையும் போல மூணு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூமும் போவேன். அது தனி, இது தனி. 'விளையாட்டு மும்முரத்துல அடக்கி அடக்கி வைக்கிறா'னு அம்மா முதுகுல ரெண்டு வைப்பாங்க. 'வயசுக்கு வந்தா சரியாப் போயிடும்'னாங்க பாட்டி. வந்தேன், சரியாகலை. 'கல்யாணமானா சரியாயிடும்'னு தேதியைத் தள்ளி வெச்சாங்க!

ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். மத்தவங்க மாசத்துல அஞ்சு நாள் வைக்கிற நாப்கினை நான் 30 நாளும் வெச்சேன். ஒரே மெடிக்கல் ஷாப்புல வாங்கினா சந்தேகம் வரும்னு ரெண்டு கடைக்கு மாறி மாறிப் போவேன். சுடிதார் எல்லாமே கறுப்பு, இல்லைன்னா கருநீலம். கொச்சிக்கு ஐ.வி. போன பஸ்ல பொண்ணுங்க எல்லாம் ஆட்டம் போட, முந்தின நாள்ல இருந்தே தண்ணி குடிக்காம ஜன்னலோரம் சுருண்டு கிடந்தேன். கசிவு நிக்கலை. தலைவலிதான் மிச்சம்.

டாக்டர்கிட்ட போகலையான்னு கேட்கறீங்களா? போனேனே! ஒருத்தர் வெள்ளைப்படுதல்னார். ஒருத்தர் இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை எழுதினார். மூணாமவர் இடுப்புத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஆறு மாசம் சின்சியரா செஞ்சேன். வால்வு செம ஸ்ட்ராங் ஆகியிருக்கும், சொட்டு மட்டும் நிக்கலை. ஸ்கேன் எடுத்தா, 'நார்மல்'.

நாலாவதா பார்த்த லேடி டாக்டர் ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. "பாத்ரூம் ஒழுங்கா போறியாம்மா? அதுபோக எப்பவுமே கசியுதா?" சிறுநீர்ப்பைக்குள்ள நீலச் சாயத்தை ஏத்தி, நாப்கின் வெச்சுக்கிட்டு நடக்கச் சொன்னாங்க. எடுத்துப் பார்த்தா நல்ல ஈரம். ஆனா நீலம் இல்லை! அப்போ கசியறது பையில இருந்தே இல்லை. நாப்கினைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட ஆள் நானாத்தான் இருக்கும்.

அப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேன்ல குட்டு உடைஞ்சது. கிட்னியில இருந்து சிறுநீர்ப்பைக்கு வர்ற குழாய்க்குப் பேர் யூரேட்டர். ஒரு கிட்னிக்கு ஒண்ணு. எனக்கு இடது பக்கம் மட்டும் ரெண்டு! கருவுல சில வாரங்கள்லயே யூரேட்டர் முளைவிடும். ஒண்ணுக்கு ரெண்டா முளைச்சிருக்கு, அவ்வளவுதான். சுமார் நூறு பேர்ல ஒருத்தருக்கு கிட்னி இப்படி ரெட்டையா இருக்குமாம். ரெண்டும் பைக்குள்ள சரியா வந்து சேர்ந்துட்டா, பலருக்குத் தெரியாமலே போயிடும். என் கிட்னியோட மேல் பாதியில இருந்து வந்த யூரேட்டர் பைக்குள்ள சேராம, வால்வுக்கும் கீழே, பிறப்புறுப்புப் பாதையில போய்த் திறந்திருக்கு. மேல் பாதிக் குழாய்தான் கீழே திறக்கும்ங்கறது விதியே! வெய்கர்ட்ங்கற ஜெர்மன் டாக்டர் 1877-லயே எழுதி வெச்சுட்டார்.

கணக்குக்கு விடை கிடைச்சுதா? வால்வுக்குக் கீழே இன்னொரு பைப்பைச் சேர்த்துட்டு, வால்வை எவ்வளவு முறுக்கினா என்ன?

பசங்களா, பக்கத்தைப் புரட்டிடாதீங்க. யூரேட்டர் உங்களுக்கும் இடம் மாறலாம். ஆனா ஆண் உடம்புல அது வால்வுக்கு மேலேயே திறக்கறதால ஒழுகாது. அடிக்கடி இன்ஃபெக்‌ஷன், விதைப்பையில வீக்கம்னு தலைகாட்டும். அதே மாதிரி, இருமினா, சிரிச்சா மட்டும் கசியறதும், அவசரத்துல அடக்க முடியாம போறதும் வேற பிரச்னை. இது அப்படி இல்லை. ஒழுங்காவும் போகும், சின்ன வயசுல இருந்து விடாமலும் கசியும். இந்த ரெண்டையும் சேர்த்து டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் முதல் மூணு பேர்கிட்ட 'ஈரமா இருக்கு'னு மட்டும்தான் முணுமுணுத்தேன். வெட்கம்!

கிட்னியோட அந்தப் பகுதி நல்லா வேலை செஞ்சா, யூரேட்டரைப் பையிலேயே இணைச்சுடுவாங்க. என்னோடது பேருக்குத்தான் இருந்தது. லேப்ராஸ்கோப்ல அந்த மேல் பாதியை மட்டும் எடுத்துட்டாங்க.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை. நான் தூங்கறேன்னு நினைச்சு அம்மா போர்வைக்கு அடியில கைவிட்டு பெட்ஷீட்டைத் தடவிப் பார்த்தாங்க. சின்ன வயசுல தினமும் நடந்த அதே செக்கிங். காய்ஞ்சிருந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"எத்தனை அடி அடிச்சிருப்பேன்டி உன்னை..."

"கணக்கு வெச்சிருக்கேன்மா. இன்ஜினீயரிங் படிக்கறேன்ல?"