மேன்ஷனில் ஒரு பாண்டா

திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்கும் பெல்ஸ் ரோட்டுக்கும் இடையில் ஓடும் சந்துகளில் ஒன்றில் அந்த மேன்ஷன் இப்போதும் இருக்கிறது. பெயர்ப்பலகைதான் புதுசு. மூன்றாம் மாடியில் எங்கள் அறை. மூன்று கட்டில், ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் எதிர் மேன்ஷன்காரர் பல் தேய்ப்பது தெரியும். வராந்தா முழுக்கக் கொடி கட்டியிருக்கும். ஈர லுங்கிகளை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டே போய்க் குளியலறை வரிசையில் நிற்க வேண்டும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தேனிக்காரன், பட்டுக்கோட்டை, ராம்நாடு அண்ணன். நான் தென்காசி.

2008 ஜூனில் ‘குங்ஃபூ பாண்டா’ வந்தபோது எனக்கு 23 வயது. வீட்டைப் பொறுத்தவரை பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கோச்சிங்குக்கு அப்பா அனுப்பிய பணத்தை ஓர் அனிமேஷன் பயிற்சி நிலையத்தில் கட்டிவிட்டு, ‘மாயா’ மென்பொருளில் ஒரு பந்தைக் குதிக்கவைக்க இரண்டு மாதமாகப் போராடிக்கொண்டிருந்தது எங்கள் அறைக்கு மட்டுமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்று, சத்யமில் முன்வரிசை பத்து ரூபாய் டிக்கெட் இரண்டு வாங்கிவிட்டான் தேனிக்காரன். பைகிராஃப்ட்ஸ் ரோடு வழியாக நடந்தோம். பாரதி சாலை என்பது பலகையில் இருக்கும் பெயர். எங்கள் வாயில் வராது. நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் அரை மணி நேரம் போய், மணிக்கூண்டு தாண்டும்போது ஓட வேண்டியதாயிற்று.

அரங்கு முழுக்கக் குழந்தைகள். தாடியோடு உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். பக்கத்து சீட்டுச் சிறுவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அங்கிள், உங்க பாப்பா வரலையா?” என்றான். “இதோ, இந்தத் தம்பியைத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்று என்னைக் காட்டினான் தேனிக்காரன். பையனுக்கு அது நியாயமான பதிலாகவே பட்டிருக்க வேண்டும். பாப்கார்னை என் பக்கம் நீட்டினான்.

படம் போ என்ற பாண்டாவின் கனவில் தொடங்குகிறது. அந்தப் பகுதி மட்டும் கையால் வரைந்த தட்டைச் சித்திரம். போ பெரிய வீரன், எதிரிகள் பறக்கிறார்கள். சட்டென்று தரையில் விழுந்து விழிக்கும்போது எல்லாம் முப்பரிமாணமாகிவிடுகிறது: தொப்பை, சின்ன அறை, கீழே அப்பாவின் நூடுல்ஸ் கடை. இதை யோசித்தவன் கையில் முத்தம் கொடுக்கலாம் என்று அப்போது தோன்றியது. பந்து குதிக்காத கோபமும் அதில் சேர்ந்திருக்கும். என்ன கனவு என்று அப்பா கேட்கிறார். போ கொஞ்சம் விழித்துவிட்டு, நூடுல்ஸைப் பற்றி என்கிறான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகன் கடைக்குத் தயாராகிவிட்டானாம்!

நான் சிரிக்கவில்லை. தேனிக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் வீட்டில் அவன் சி.ஏ. படித்துக்கொண்டிருந்தான்.

மற்றபடி விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா ஒரு வாத்து, பிள்ளை பாண்டா. அந்தப் படத்தில் யாரும் அதற்கு விளக்கமே சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் அப்பா குரலைத் தாழ்த்தி, உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய விஷயம் என்று ஆரம்பிப்பார். இதோ வந்தது என்று நினைத்தால், சூப்பின் ரகசியத்தைச் சொல்வார். அங்கே பெரியவர்கள் மட்டும் சிரித்தார்கள். போ தள்ளுவண்டியோடு மலைப்படிகளில் ஏற முடியாமல் மூச்சு வாங்கும் இடத்தில், “கேன் தண்ணி” என்றான் தேனிக்காரன். மேன்ஷனில் லிஃப்ட் கிடையாது.

படம் முழுக்கச் சாப்பாடு வேறு. நேராக ரத்னா கஃபே போய், இட்லி மிதக்க மிதக்க மூன்று முறை சாம்பார் வாங்கி ஊற்றிக்கொண்டோம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அப்பா சென்னை வந்தார். தென்காசி பக்கம் பரோட்டா கடை வைத்திருந்த மனுஷர். கடையை ஒரு நாள் மூடினாலே ஊரில் விசாரிப்பார்கள். இரண்டு நாள் தங்கினார். விருந்தாளிக்குத் தனிக்காசு என்று மேனேஜர் வாங்கிக்கொண்டார். ராத்திரி அறையில் கம்ப்யூட்டரில் தேனிக்காரன் அந்தப் படத்தையே போட்டான். வேண்டுமென்றேதான் போட்டிருப்பான். அப்பா கட்டில் விளிம்பில், துண்டைத் தோளில் போட்டபடி உட்கார்ந்து பார்த்தார். இங்கிலீஷ் புரியாத இடங்களில் நான் சொன்னேன். குங்ஃபூ சண்டை எதுவும் அவரை அசைக்கவில்லை. வாத்து கூட்டத்துக்கு நடுவில் கிண்ணத்தோடு ஓடும்போது மட்டும், “தொழில் தெரிஞ்சவன்ல” என்றார்.

கனவு இடம் வந்தபோது நான் மொழிபெயர்க்காமல் இருந்தேன். தேனிக்காரன் சும்மா இருப்பானா? “கனவுல சண்டை போட்டுட்டு இருந்தான்ப்பா. அப்பா கேட்டதும் நூடுல்ஸ்னு சொல்லிட்டான்.”

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

“வாத்துக்குத் தெரியும்டே” என்றார். பிறகு, ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.