இசைக்கு ஏற்ற அரங்கம்

இசைக்கு ஏற்ற அரங்கம் எது என்று யாரேனும் வினவினால், மார்கழி மாதத்துச் சென்னைச் சபாக்களையே நாம் சுட்டிக்காட்டுவோம். அன்பார்ந்த வாசகர்களே, மானாம்பதியில் ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் இவ்வினாவுக்கு எனக்கு வேறொரு விடை கிடைத்தது.

சென்ற ஆண்டுத் திருவிழா சிறப்புற அமையவேண்டும் என்னும் ஆவலால், வெளியூரிலிருந்து ஓர் இசைக்குழுவை வரவழைத்தேன். மின்னிசைக் கருவிகளும் ஒலிபெருக்கிகளும் வந்து இறங்கின. மக்கள் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். ஆனால், அதுவரை நம் கோவிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாடிவந்த பெரியவரை ஒருவரும் அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டியவன் நானே. கடைசி வரிசையில் அவர் கைகட்டி அமர்ந்திருந்ததைப் பீடத்திலிருந்து கண்டேன்; கண்டும் காணாதவன்போல் இருந்துவிட்டேன். அதன்பின்னும் அவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தார். ஆர்மோனியப் பெட்டியின் பக்கம் மட்டும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, நோயுற்ற ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டு அத்தெரு வழியே திரும்பினேன். அந்தி சாயும் நேரம். பெரியவர் தம் பேத்தியை அருகில் இருத்தி, தொடையில் தாளமிட்டுப் பாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"யார் இயற்றிய பாட்டு, ஐயா?" என்றேன்.

"தெரியாதுங்க சாமி. எங்கப்பா பாடுவாரு. அவரு குடுத்த சொத்து இது ஒண்ணுதான்."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவரே சொன்னார்: "நாப்பது வருசம் ரைஸ்மில்லுல வேலை பார்த்தேன். மிசின் ஓடுற சத்தத்துல நான் பாடுறது எனக்கே கேக்காது. ஆனாலும் பாடாத நாளு இல்லீங்க சாமி."

அவர் பாடியது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளுள் ஒன்று. குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த பாடல் அது. அதனை இயற்றியவரும் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்பது அன்றிரவு என் நினைவுக்கு வந்தது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக 1826-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின்னர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். பகலெல்லாம் வழக்கு, சாட்சி, தீர்ப்பு. அவ்வுழைப்பே அவர் எழுத்துக்கு விளைநிலமாயிற்று. பெற்றோரைப் பேணுதலைப் பாடிய அவருடைய 'நீதிநூல்' (1859), கைக்கூலி வாங்குவோரையும் கடிகின்றது. தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879), தமிழ் மக்களின் வழக்கைத் தமிழிலேயே வாதாடவேண்டும் என்று வற்புறுத்துகின்றது. வழக்கு மன்றத்தில் தினமும் அமர்ந்தவருக்கன்றி வேறு யாருக்கு அக்குறை அத்துணை உறுத்தியிருக்கும்?

'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்னும் அவரது இசைநூல் 1878-இல் வெளிவந்தது. எச்சமயத்தாரும் தம் இறைவனை நினைந்து பாடத்தக்க வகையில் அவற்றை அவர் அமைத்தார். அவை இன்றும் கருநாடக இசை மேடைகளில் ஒலிக்கின்றன. ஆயினும் அம்மேடைகளோடு அவை நின்றுவிடவில்லை. பெயர் அறியாத ஒரு தந்தையின் வாய்வழியே மானாம்பதித் திண்ணைக்கும் வந்து சேர்ந்தன.

அவருடைய வாழ்வில் மற்றொன்றும் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தோரை உண்பித்தார். அதனைக் கண்டு உளம் நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். நந்தன் சரித்திரம் பாடிய அப்பெரும் புலவரை அன்று பாடவைத்தது பசித்தோரின் பந்தியே.

மறுநாட் காலை மீண்டும் பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். "ஐயா, திருவிழா அன்று தங்களை மறந்தது என் பிழை. பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். அவர் பதறி, "சாமி, நீங்க போய் என்கிட்ட..." என்று என் கைகளைப் பற்றிக்கொண்டார். இருவர் கண்களும் கலங்கின. அவர் பாடிய பாட்டை எழுதியவர் யார் என்பதையும் சொன்னேன். "முன்சீப்பா எழுதினாரு!" என்று வியந்தவர், பேத்தியை அழைத்து அப்பெயரை இருமுறை சொல்லவைத்தார்.

அடுத்த ஞாயிறன்று பெட்டி திறந்தது. துருத்தியில் சிறு கிழிசல்; சுருதி சற்றே தள்ளாடியது. இப்போது ஒரு வாரம் இளைஞர்கள் மின்னிசையோடு பாடுகின்றனர். மறுவாரம் அவர் பாடுகின்றார். பேத்தி பக்கத்தில் நின்று துருத்தியை அழுத்துகின்றாள்.

பெற்றோரே, உங்கள் தந்தையோ பாட்டியோ பாடிய பாட்டு ஒன்று உங்கள் நினைவில் இருக்கும். குரல் நன்றாக இல்லையே என்று தயங்கவேண்டாம். இன்று மாலைச் செபம் முடிந்ததும், பிள்ளைகள் கேட்க அதனை ஒருமுறை பாடுங்கள்.