மலைக்கு வந்த சுதந்திரம்

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீலக்கோடாகத் தெரியும். மழை வருமா என்று பார்க்க மட்டும்தான் அந்தப் பக்கம் திரும்புவோம்.

கல்லூரியில் வெள்ளிமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் நண்பனானான். அவன் சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்றிருந்ததைப் பார்த்து, "நீ கேரளாவாடா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அந்த டிசம்பரில் அவன் ஊருக்குப் போனேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து ஏறியது.

இரவு சாமைச் சோறு. சாப்பிடும்போது அவன் தாத்தா கதை சொன்னார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர், கரிராமன் சாமியோடு காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்களாம். கொல்லிமலை, பச்சைமலை, இந்த மலை என்று பிரிந்து ஏறினார்களாம்.

"மலைய ஆள்றவன் மலையாளி. கேரளாவுக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல தம்பி."

"அப்ப நீங்கதான் ஆண்டீங்களா தாத்தா?"

கொஞ்சம் யோசித்தார். "ஆண்டது ஜாகீர்தாருங்க. நாங்க வரி கட்டுனோம். நாட்டுக்கு 47ல சுதந்திரம். எங்களுக்கு 76லதான்."

மூன்று ஜாகீர்தார்களிடம் இருந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976இல். கீழே நெருக்கடி நிலை. நாடே உரிமைகளை இழந்து நின்ற வருஷத்தைத்தான் இவர்கள் விடுதலை என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இதைப் படித்த ஞாபகம் எனக்கில்லை.

மறுநாள் பஸ் ஏறும்போது நண்பனிடம், "அன்னிக்கு அப்படிக் கேட்டது தப்புடா" என்றேன்.

"மேல வந்து கேட்டல்ல, விடு" என்றான்.